அம்மாவின் வலது கண்

வவுனியா,
06.07.2005, புதன்கிழமை.

அன்புள்ள மகள் ரூபிக்கு,

நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முப்பத்தேழு நிமிடத்துக்குச் செய்தி வந்தது. கண்ணாடிக் கடையின் பின் அறையில் ஒரு வில்லைக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன், விமலேஸ்வரி மாமி சென்னையிலிருந்து போன் எடுத்து, "தம்பி, ரூபிக்குத் திங்கட்கிழமை கண் ஒபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, லேசராலை செய்யிறதாம், பிள்ளை இனிக் கண்ணாடியே போடத் தேவையில்லையாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் மெஷினை நிறுத்தவும் மறந்துபோய் நின்றேன், கையிலிருந்த வில்லை பிரேமுக்குள் நிற்காத அளவுக்குத் தேய்ந்துவிட்டது, இருபது வருஷத்தில் அப்படி ஒரு வில்லையை நான் வீணாக்கியதில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்றும் மாமி சொன்னார், அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விடிய எழும்பியதும் முதலில் நினைக்கிறேன். என் சுகத்தை என்னவென்று எழுத, சோறு வடிக்கிறேன், பருப்பு வைக்கிறேன், எட்டரைக்குக் கடைக்குப் போகிறேன், ஐந்தரைக்கு வருகிறேன், காய்ச்சல் தலையிடி ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. இந்தக் கடிதத்தைப் பாறூக் நானா கொண்டுவருவார், எங்கள் கடையிலிருந்து நாலாவதாகப் புடைவைக்கடை வைத்திருக்கிறாரே அவர்தான், துணி எடுக்கச் சென்னைக்கு வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறுகிறார், கொழும்புக்கு வான் இன்று மூன்று மணிக்கு. தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் உனக்குக் கிடைக்காது. கேட்டதும் அவர், "தம்பி, யாவாரம் பொறகு பாக்கலாம், இறங்கின ஒடன என்ட கையால புள்ளைட கையில குடுத்திட்டுத்தான் நான் தேத்தண்ணியே குடிப்பன்" என்றார். ஆகவே சனிக்கிழமை இது உன்னிடம் இருக்கும். இருந்த இடத்திலேயே, கடைசி வரி வரைக்கும் வாசி.

நேற்றுப் பின்னேரம் நான் உன்னோடு கதைத்தது அரைகுறை. நீதான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாய், மூன்று வழி இருக்கிறதாம். ஒன்று, கருவிழிக்கு மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் படலத்தை ஒரு மூடிபோல மெல்லியதாக வெட்டித் தூக்கி, அடியில் லேசர் அடித்துத் திருப்பி மூடுவது, உன் படலத்தின் தடிப்பு நானூற்று எண்பத்தெட்டு மைக்ரோன்தான் என்பதால் அது வேண்டாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். இரண்டாவது, வெட்டாமல், மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு மேலாகவே லேசர் அடிப்பது, நாலைந்து நாள் எரியும், பத்து நாளில் தெளியும். மூன்றாவது, படலத்தைத் தொடாமல் கண்ணுக்குள் ஒரு சின்ன வில்லையை வைப்பது, அதைச் செய்விக்க ஆறு கிழமை வேண்டும். மாப்பிள்ளை சுகிர்தன் சுவிஸிலிருந்து இருபத்தைந்தாம் திகதி உன்னைப் பெண் பார்க்கவும் கலியாண எழுத்து வைக்கவும் சென்னைக்கு வருகிறான், ஆகவே இரண்டாவது வழி, வருகிற திங்கட்கிழமை. கணக்குச் சரிதான். படலத்தின் மேடு பள்ளத்தை மெஷினால் மேப் எடுத்துப் பார்த்தார்களோ என்று கேட்டேன், "அந்த மெஷின் பழுதாம் அப்பா, அடுத்த மாசந்தான் சரிவருமாம், எனக்குப் பரம்பரையிலை ஒண்டுமில்லை, ரெண்டு வருஷமாப் பவரும் மாறேல்லை, அதாலை தடிப்பு அளந்ததே காணும் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றாய். நான் போனை வாயிலிருந்து விலத்திப் பிடித்தேன். நீ பாவம், நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாய், "அம்மா போனதிலையிருந்து உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் அப்பா, அம்மாக்குக் கண்ணிலை ஓலை குத்தினது, எனக்கு எந்த ஓலை குத்தினது சொல்லுங்கோ பாப்பம்" என்று சிரித்தாய். பிறகு, "நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் அந்தக் கட்டில்லை ஏறமாட்டன், அம்மா இல்லாத நேரத்திலை உங்களையும் கேக்காமல் செய்யமாட்டன், வடிவா யோசியுங்கோ, ஞாயிற்றுக்கிழமை எடுப்பன், ஓம் எண்ட ஒரு சொல்லுக் காணும்" என்றாய். நான் மூன்று தரம் வாயைத் திறந்தேன், மூன்று தரமும் சாப்பிட்டாயோ என்றுதான் கேட்டேன்.

இப்போதும் அப்படித்தான் வருகிறது, எழுத வேண்டியதை விட்டுவிட்டு வேறு என்ன இருக்கிறது என்று கை தேடுகிறது. போன ஞாயிறு பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில் இலவசக் கண்ணாடி முகாம் நடந்தது, கடைக்காரர் என்னையும் அனுப்பினார், நூற்றுப்பதினாறு பேர் வந்தார்கள். அப்புத்துரை என்று ஒரு கமக்காரர், எழுபது வயதிருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "தம்பி, இதைக் கழட்டும், விடிய மட்டும் என்ர வயல் வடிவான வயல், நீர் இதைப் போட்டுவிட்டாப் பிறகு பாத்தால் முழுக்கக் களை" என்று சண்டை பிடித்தார், வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பின்னால் நின்ற ஒருத்தி, "அப்பு, வீட்டை போய் மனுசியைப் பாக்காதையுங்கோ" என்றாள், அவர், "அவளைப் பாத்திட்டுத்தான் திரும்பி ஓடி வந்தனான்" என்றார். நல்ல பகிடிதான். நானும் சிரிக்க வேண்டும் என்று விளங்கியது. வீட்டில் பப்பாசி இரண்டு காய்த்திருக்கிறது, கிணற்றுக் கப்பி மாற்றினேன், அம்மாவின் சீலைகள் அலுமாரியில் அப்படியே இருக்கின்றன, நீ வந்துதான் பார்க்க வேண்டும். நேரம் பதினொன்றே கால்.

ரூபி, அம்மாவின் கண்ணில் ஓலை குத்தவில்லை. சின்ன வயதிலும் குத்தவில்லை, பிறகும் குத்தவில்லை. அந்தக் கதையைக் கட்டியவன் நான். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு இங்கே வந்த வருஷம், தொண்ணூற்றாறில், அம்மாவுக்கு வலது கண் மங்கத் தொடங்கியிருந்தது, அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது. நீ பதினொரு வயதுப் பெண்பிள்ளை. உனக்குத் தெரியாதது இல்லை, எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது சாதகத்துக்கு முதல் விசாரிப்பது தாய்க்குத் தகப்பனுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ என்றுதான், கண் என்றால் இன்னும் கூட விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் அம்மாவிடம் கண்ணுக்கு என்ன என்று கேட்க, நான் குறுக்கே விழுந்து, சின்ன வயதில் வடலிப் பனையோலை குத்தினது என்றேன். குத்தின கண் பரம்பரையில் வராது. அவ்வளவு கெட்டித்தனமாகத்தான் யோசித்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவளும் அதையே சொல்லத் தொடங்கினாள், பிறகு உனக்கும் சொன்னோம், நீயும் நம்பினாய். இந்தக் கடிதத்தோடு ஆறு அட்டைகள் வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு அட்டை எழுதுவோம், பெயர், பவர், சிலிண்டர் என்கிற கோணல் பவர், அந்தக் கோணல் சரிந்திருக்கிற அச்சு எல்லாம் அதில் இருக்கும். ஆறிலும் சிவலட்சுமி என்று பெயர் இருக்கும், யாரோ ஒரு பெண்ணுடையது என்று நினைத்து எறிந்துவிடாதே. சிவலட்சுமி என்று யாரும் இல்லை. கடையில் வேலை செய்பவனின் மனைவிக்கு இப்படிப் பவர் ஏறுகிறது என்று கடையில் யாரும் அறியக்கூடாது என்பதற்காக அம்மாவுக்கு நான் வைத்த பெயர் அது. அம்மா அதையும் பகிடியாக்கிவிட்டாள், குசினிக்குள்ளிருந்து, "இஞ்சேருங்கோ, உங்கடை சிவலட்சுமிக்குத் திரும்பவும் கண் மங்குதாம், அவவைக் கொஞ்சம் கவனியுங்கோவன், பத்மாசனிக்கு ஒண்டுமில்லை, அவ நல்ல சுகம்" என்பாள்.

தொண்ணூற்றெட்டில் கொழும்பிலிருந்து ஒரு கண் டொக்டர் இங்கே முகாமுக்கு வந்தார், சிங்களவர், தமிழ் தெரியாது, அவருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் விட்டார்கள். அறுபத்துமூன்றாம் நம்பர் சிவலட்சுமி. அம்மா வந்து கதிரையில் இருந்தாள், நாங்கள் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் போல நடந்துகொண்டோம், அம்மாவுக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் விளக்கைப் பிடித்து நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு இங்கிலிஷில் எனக்குச் சொன்னார், இது கெரற்றோகோனஸ், படலம் வருஷா வருஷம் மெலிந்து, உள்ளே இருக்கும் அமுக்கத்தால் முன்னுக்குத் தள்ளுப்பட்டுக் கூம்பு மாதிரி வருகிற வருத்தம், கண்ணாடியால் முழுக்கத் திருத்த முடியாது, கொழும்புக்கு வரச் சொல், முற்றினால் வேறு படலம் மாற்றி வைக்க வேண்டும், கண்ணைக் கசக்கவே கூடாது. அதெல்லாம் நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கடைசியாக ஒன்று சொன்னார், இவவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய கண்ணையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், சில குடும்பங்களில் இது பிள்ளைக்கும் வரும் என்று. அந்த ஒரு வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "டொக்டர் கடைசியா ஏதோ கனக்கச் சொன்னவர், என்னவாம்?" என்று கேட்டாள். கண்ணைக் கசக்க வேண்டாமாம், அதைத்தான் திரும்பவும் சொல்கிறார் என்றேன். அறுபத்துநாலாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஏழு வருஷமும் அம்மா கண்ணைக் கசக்கவேயில்லை, வெங்காயம் வெட்டினாலும் தலையை அண்ணாந்து நிற்பாள், நீ கண்டிருப்பாய். உனக்கும் வரலாம் என்பது அம்மாவுக்குத் தெரியாமலேயே போய்விட்டது. தெரிந்திருந்தால் ஊர் என்ன சொன்னாலும் உன்னை அடுத்த நாளே கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள், உனக்கு அவளைத் தெரியும்தானே.

கொழும்புக்குப் போக அந்தக் காலத்தில் ஆமியின் பாஸ் வேண்டும், காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் சாட்டாக வைத்துக்கொண்டோம். பிறகு இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்தது, பாஸும் இல்லை, சாட்டும் இல்லை. அப்போது அம்மாவே, "ரூபின்ர கலியாண அலுவல் ஒண்டு முடியட்டும், அதுக்குப் பிறகு சிவலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். நான் ஓம் என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் வரும். கடைசி வருஷம் அவளுக்கு ஒரு விளக்கு ஐந்தாறாகத் தெரியும், பின்னேரத்தில் எதிரே வருவது கிட்டவோ தூரவோ என்று பிடிபடாது. சித்திரை மூன்றாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் ஆறு முப்பத்தைந்து, குருமன்காட்டுச் சந்தி. பாண் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தவள். லொறியில் ஒரு பக்க விளக்குத்தான் எரிந்ததாம். எனக்குச் செய்தி வந்தது ஆறு ஐம்பதுக்கு. அவள் எத்தனை விளக்கைக் கண்டாள், அதில் எது உண்மையான விளக்கு என்று நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிய வராது, லொறி பிழையாகவும் வந்திருக்கலாம். ஆனால் மரண விசாரணைக்கு வந்தவர் கண் பார்வை எப்படி என்று கேட்டபோது, செத்துக் கிடக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓலை குத்தின கண், ஆனால் பார்வை நல்லது என்று சொன்னேன். நீ நாலாம் நாள் வந்து, நெருப்புக்குக்கூடப் பிந்திப்போய், என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது நான் அழாமல் நின்றேன் என்று எல்லாரும் கதைத்தார்கள், அது உறுதியால் இல்லை ரூபி.

இனி உன் கண். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் மட்டும் நீ இங்கே நின்றாய், கண்ணாடி கீறுப்பட்டுக் கிடக்கிறது என்று என்னிடம் தந்தாய், கடைக்கு ஞாயிறு வருகிற டொக்டரிடம் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தாய், அவர் எழுதித் தந்த துண்டைப் பார்க்காமலே என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். முந்தின வருஷம் உன் வலது கண்ணில் சிலிண்டர் முக்கால், அச்சு தொண்ணூறு. அந்தத் துண்டில் சிலிண்டர் இரண்டேகால், அச்சு ஐம்பது. சிவலட்சுமியின் முதல் அட்டையை எடுத்துப் பார், சிலிண்டர் இரண்டேகால், அச்சு ஐம்பத்தைந்து. ஒரே வருஷத்தில் சிலிண்டர் ஒன்றரை ஏறி, அச்சு அப்படிச் சரிந்தால் என்ன என்று இந்த வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் அந்த வில்லையைத் தேய்த்துப் பூட்டி உன் முகத்தில் போட்டுவிட்டேன். மாறியிருக்கோ என்று கேட்டாய், இல்லை, பழைய பவர்தான் என்றேன். செத்த வீட்டுக்குள் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இப்போது அங்கே டொக்டர் உன் கண்ணையும் நீ போட்டிருக்கிற கண்ணாடியையும் அளந்திருப்பார், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது சித்திரையில் நான் போட்டது. நீயும் இரண்டு வருஷமாக மாறவில்லை என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறாய். பரம்பரையில் இல்லை என்பதும் நம்பித்தான். அந்த டொக்டரில் பிழை பிடிக்க எனக்கு வாயில்லை, அவருக்குப் போன இரண்டு பொய்யும் என் கடைப் பின் அறையில் செய்தவை. நல்ல படலத்துக்கு நீ சொன்ன இரண்டாவது வழி நல்ல வழிதான். மெலிந்துகொண்டு போகிற படலத்துக்கு அது கூடாது, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் லேசர் செய்வது ஒன்றுதான், இருக்கிறதில் கொஞ்சத்தை எடுத்துவிடும், எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது, முதல் ஆறு மாதம் தெளிவாகத் தெரியும், பிறகு அம்மா பத்து வருஷத்தில் போன தூரத்தை நீ இரண்டு வருஷத்தில் போய்விடலாம். நேற்று நான் தேய்த்து வீணாக்கிய வில்லையைக் கூடைக்குள் போட்டுவிட்டு வேறு ஒன்று எடுத்தேன். உனக்கு நான் எங்கே போய் எடுப்பேன்.

நான் டொக்டர் இல்லை, எனக்கு அச்சும் பவரும்தான் தெரியும், உனக்கு அந்த வருத்தம் இல்லாமலும் இருக்கலாம், இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் தெரிந்த கோயில் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் மேப் எடுக்காமல் ஒருத்தரும் அதைச் சொல்ல முடியாது. சென்னையில் அந்த மெஷின் உள்ள ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருக்கின்றன, மாமியைக் கூட்டிக்கொண்டு பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போ, படலம் பார்க்கிற டொக்டர் வேண்டும் என்று கேள், இந்த ஆறு அட்டையையும் நான் இன்றைக்கு எழுதின உன்னுடைய அட்டையையும் மேசையில் வை, சிவலட்சுமி என்பது என் அம்மா, பெயர் பத்மாசனி, அப்பா மாற்றி எழுதினவர் என்று சொல், வெட்கப்படாதே, வெட்கம் எனக்குத்தான். இரண்டு கண்ணையும் பார்க்கச் சொல், இடது கண் நல்லதாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதே. அந்த வருத்தம்தான் என்றால் லேசர் பேச்சே வேண்டாம், கடினமான கொன்டாக்ட் லென்ஸ் ஒன்று இருக்கிறது, தொடக்கத்தில் உறுத்தும், பழகினால் கண்ணாடியைவிட நன்றாகத் தெரியும், அம்மாவுக்கு நான் அதையும் செய்து கொடுக்கவில்லை. ஜெர்மனியில் ஏதோ மருந்து விட்டு ஒளி பாய்ச்சிப் படலத்தைக் கெட்டியாக்குகிறார்கள் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன், அங்கே வந்துவிட்டதோ என்று கேட்டுப் பார். ஒன்றுமில்லை என்று மேப் சொன்னால், நீ விரும்பினதை விரும்பின நாளில் செய், அதற்கு என் ஓம் உனக்குத் தேவையில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதற்கு நீ என்னை மன்னிக்காமலும் விடலாம். தை மாதம் சம்பந்தம் பேசத் தொடங்கியபோது உன்னைக் கண்ணாடி இல்லாமல் படம் எடுத்து அனுப்பினோம், நீ மாட்டேன் என்றாய், அம்மா கெஞ்சினாள், நான் அதற்கும் ஓம் என்றேன். சுகிர்தனின் தாய் இராசமலர் வெள்ளவத்தையிலிருந்து போனில், "பிள்ளை கண்ணாடி போடுறவவோ?" என்று கேட்க, அம்மா, "வாசிக்கேக்கை மட்டும்" என்றாள். அந்தப் படத்தை உண்மையாக்கத்தான் நீ இப்போது கட்டிலில் ஏறப்போகிறாய், அது உன் யோசனை இல்லை, எங்களுடையது. ஆகவே இன்று காலை எட்டரை மணிக்கு நான் இராசமலருக்குப் போன் எடுத்தேன். என் மகள் எழும்பினதிலிருந்து படுக்கும் மட்டும் கண்ணாடி போடுகிறவள், படத்தில் நாங்கள் கழற்றிவிட்டோம், தாய்க்கு இருந்தது பரம்பரையில் வரக்கூடிய வருத்தம், மகளுக்கும் இருக்கலாம், சோதிக்கச் சொல்லப்போகிறேன் என்று நின்ற நிலையில் ஒரே மூச்சில் சொன்னேன். போன கிழமை வரைக்கும் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டவர், "தவராசா அண்ணை, இவ்வளவையும் ஏன் இப்ப சொல்லுறியள், முதலே சொல்லியிருக்கலாமே, இல்லாட்டிச் சொல்லாமலே விட்டிருக்கலாமே" என்றார். பிறகு, "மகனோடை கதைச்சிட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். அந்த 'அண்ணை'யிலேயே எனக்கு விளங்கியது, ஆனால் பெடியன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது, நீ அவனோடு ஆறு மாதமாகக் கதைத்துப் பழகியிருக்கிறாய், உனக்குத்தான் தெரியும். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று அழுதிருப்பாய், நானும் ஓம் என்றிருப்பேன். இனி அந்தத் திகதிக்காக நீ அவசரப்பட ஒன்றுமில்லை, அவன் வந்தால் கண்ணாடியோடு இருக்கிற உன்னைப் பார்க்க வருவான், வராவிட்டால் வராமல் விடட்டும். என்னோடு கோபித்துக்கொள், ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டு, அந்தக் கோபத்தோடு எத்தனை வருஷமும் இரு, கண்ணோடு இரு.

மணி இரண்டே கால். மாமிக்கு இதை வாசித்துக் காட்டு, அவருக்கும் ஓலைக் கதைதான் தெரியும், என் அக்கா என்னை ஏசினால் ஏசட்டும். வெயில் நேரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகாதே, தண்ணீர் குடி, மாதாமாதம் வருகிற அம்மாவின் மாசியத் திவசத்துக்கு அங்கேயே ஒரு விளக்கு வைத்தால் காணும், இங்கே நான் பார்க்கிறேன். கண் கடித்தாலும் எரிந்தாலும் கையைக் கொண்டுபோகாதே, குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து மூடின கண்ணுக்கு மேல் வை, கசக்காதே, இந்த ஒன்றையாவது நான் சொன்னதென்று கேள். நீ நூறு வருஷம் தெளிந்த கண்ணோடு இருக்க வேண்டும் என்று அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் காலையில் வெளிக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எடுப்பாய். இராசமலர் எடுப்பார், அதற்குள் சுகிர்தன் உனக்குச் சொல்லி நீ இன்றைக்கே எடுத்தாலும் எடுப்பாய். உன் அழுகைச் சத்தம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று இவ்வளவும் வாசித்த உனக்குத் தெரியும், அந்த ஒரு சொல்லை நீ என்னிடமிருந்து எடுக்கக்கூடாது. என் ஓம் இல்லாமல் கட்டிலில் ஏறமாட்டேன் என்றாய், உன் சொல்லை நான் நம்புகிறேன். மேப் எடுத்த பிறகு அதன் முடிவை மாமியைக் கொண்டு பாறூக் நானாவின் கடைப் போனுக்குச் சொல்லிவிடு, நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் அங்கேயிருந்து ஆள் வந்து எனக்குச் சொல்லுவார்கள்.

உன் அப்பா,
தவராசா.

பாறூக் நானா வாசலில் வந்து நிற்கிறார். போனை நிறுத்திவிட்டேன்.